46 வயசுல படிக்க உக்காந்தா மூணு பக்கம் தாண்ட மாட்டேங்கு, எனக்கு மட்டும்தானா?

முக்கூடல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி ஜில்லா முக்கூடல் பக்கம் ஒரு கிராமம், பீடி சுத்துதேன். இத நான் கையால எழுதல. மக போன்ல பேசினா எழுத்தா விழுற மாதிரி வச்சுத் தந்திருக்கா. பீடின்னு சொன்னா அது பேட்டின்னு போடுது, நாலு தடவ திருத்திட்டேன். எங்கயாவது நான் பேட்டி சுத்துதேன்னு இருந்தா சிரிக்காதீங்க.

சின்னதுல நான் புத்தகக் கோட்டி. எங்க ஊர் லைப்ரரின்னா பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துல ஒத்த ரூம்பு, ரெண்டு பீரோ. பள்ளிக்கூடம் விட்டதும் பைய வீட்டுல எறிஞ்சுட்டு அங்க ஓடிருவேன். அம்மை பீடி இலை வெட்டக் கூப்பிடுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும், நான் காது கேக்காத மாதிரி உக்காந்திருப்பேன். ஒன்பதாவது முடிச்ச வருஷம் அம்மைக்கு மேலுக்குச் சொகமில்லாமப் போச்சு. எனக்குக் கீழ மூணு பேரு. பீடி சுத்துத சொளவு, அதான் மொறம், என் மடிக்கு வந்துட்டு. பொறவு கல்யாணம், ரெண்டு பிள்ளைய. எங்க வீட்டு அவிய கொத்தனார் வேலைக்கு கேரளாவுக்குப் போறதும் வாரதும். அப்படியே முப்பது வருஷம் ஓடிட்டு. நடுவுல நான் புத்தகம்னு தொட்டது ரேஷன் கார்டும் பி.எஃப். புத்தகமும்தான்.

இந்தத் தை பொறந்ததும் மக ஒரு டைரி வாங்கித் தந்தா. "யம்மா, இந்த வருஷம் என்னென்ன செய்யணும்னு எழுது"ன்னா. மூணு எழுதினேன். பி.எஃப். கணக்குல என் பேரு தப்பா இருக்கு, அத மாத்தணும். மாசம் ரெண்டு புத்தகம், வருஷத்துக்கு 24. பத்தாவது பரிட்சை. பேரு மாத்தியாச்சு, அதுக்கு அலைஞ்சது தனிக்கதை. புத்தகம்தான் இழுக்கு. வைகாசி வந்துட்டு, ஒண்ணரை புத்தகம்தான் முடிஞ்சிருக்கு.

ராத்திரி சோறு ஒதுக்கி வச்சுட்டு ஒம்பதரைக்கு உக்காருவேன். மொத பக்கம் ஓடும். மூணாம் பக்கத்துல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. ஒரே வரிய நாலு தடவ படிக்கேன். நெத்தி கனத்துப் போவுது, கொட்டாவியா வருது. ஆனா சீரியல் ரெண்டு மணி நேரம் ஓடினாலும் ஒண்ணும் செய்யல. ஒரு நாளைக்கு 900 பீடி சுத்துதேன், அதுக்கும் கொட்டாவி வரல. அப்போ மூளைதான் மங்கிட்டோ? பத்தாவது புத்தகத்த வேற வாங்கி வச்சிருக்கேன். இந்த வயசுல திரும்பப் படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

சும்மா_இருப்பவன்:

எக்கா, இனிமே படிச்சு கலெக்டராவா ஆகப் போறீய? நாள் பூரா ஒழைச்ச ஒடம்பு ஒம்பதரைக்கு தூக்கம்தான் கேக்கும். டைரி, லட்சியம் எல்லாம் ஆபீஸ்காரனுக்கு. நல்லா தூங்கி எந்திரிங்க.

கண்ணாடிக்கடை_அண்ணாச்சி:

மேல உள்ள தம்பி சொன்னத விடு தாயி. நான் பாளையங்கோட்டையில ஒரு கண்ணாடிக்கடையில 27 வருஷமா நிக்கேன். டாக்டர் இல்ல. ஆனா நீ சொன்ன எறும்பு, நெத்தி கனம், கொட்டாவி இந்த மூணையும் தெனமும் கேக்கேன். இது மூளை இல்ல, வெள்ளெழுத்து. பழைய ஆளுக சாளேசரம்பாங்க. நாப்பதுக்கு இந்துஸ்தானில சாலீஸ், அதுலருந்து வந்த பேரு. பேருலயே வயசு இருக்கு பாரு.

கண்ணுக்குள்ள இருக்க லென்ஸ் சின்ன வயசுல மெத்துனு இருக்கும். கிட்டத்துல பாக்கும்போது உப்பிக் கொடுக்கும். வயசு ஏற ஏற அது இறுகிப் போவும், உப்பாது. அதனால கிட்டத்து எழுத்து மங்கும், தூரத்துக்கு ஒண்ணும் ஆகாது. சீரியல் ஏன் தெரியுதுன்னு கேட்டியே, டிவி பத்தடி தள்ளி இருக்குல்லா. புத்தகம் ஒண்ணேகால் அடியில இருக்கு.

பீடி எப்படித் தெரியுதுன்னு கேப்ப. அங்கதான் நீ ஏமாந்திருக்க. பீடிய நீ பாத்தா சுத்துத? முப்பது வருஷப் பழக்கம், விரலுதான் சுத்துது. எங்க சின்னம்மை கரண்டு போனாலும் கைய நிறுத்த மாட்டா. தையக்காரங்களும் தட்டாருமா இருந்தா நாப்பது தாண்டினதும் ஊசியில நூலு கோக்க முடியலன்னு கடைக்கு வந்துருவாங்க. பீடிக்காரங்க வரமாட்டாங்க, கை காப்பாத்திக் கொடுத்துரும்.

ஒரு சோதனை செஞ்சு பாரு. நாளைக்குப் பகல் வெளிச்சத்துல பேப்பரக் கையில எடு. மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுப் படி, பொறவு கைய நீட்டி வச்சுப் படி. நீட்டினா தெளிவாத் தெரிஞ்சா அதுதான். உன் வயசுக்குக் கண்ணாடி பவரு +1.50 பக்கம் வரும். ஆனா பிளாட்பாரத்துல தொங்குத கண்ணாடிய எடுத்து மாட்டிராத. ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கணும்னு இல்ல. ஒரு தடவ கண் டாக்டர்ட்ட காட்டு. சுகரு, கண் பிரஷரு இருந்தாலும் அப்பமே தெரிஞ்சிரும். இன்னொண்ணு, வயசான கண்ணுக்கு வெளிச்சம் கூட வேணும். அடுக்களை பல்பு வெளிச்சம் பத்தாது, வெளக்க தோளுக்குப் பின்னால வச்சுக்க.

முக்கூடல்காரி:

அண்ணாச்சி, பேப்பர நீட்டிப் பாத்தேன். கை முழுசா நீண்டதும் தெரிஞ்சிட்டு. இன்னும் ஒரு சாண் கை இருந்தா சின்ன எழுத்தும் தெரிஞ்சிரும் போல. நாலு மாசமா மூளைய ஏசிக்கிட்டு இருந்திருக்கேன். சனிக்கிழமை கூலி வரும், டாக்டரப் பாக்கேன்.

சும்மா இருக்க தம்பிக்கு: கலெக்டரு ஆக ஆசையில்ல. மக காலேஜுல பாரம் பூர்த்தி பண்ணும்போது "தாயின் கல்வி"ன்னு ஒரு கட்டம் இருந்திச்சு. அவ ஒண்ணும் கேக்காம ஒன்பதுன்னு எழுதிட்டுப் போயிட்டா. அது எனக்கு நெஞ்சுல நிக்கி.

பழைய நூலகர்:

அம்மா, ஊர்ப்புற நூலகத்திலும் பின்னர் கிளை நூலகத்திலுமாக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஊர் இரண்டு பீரோவைப் போன்ற பீரோக்களைத்தான் பூட்டித் திறந்துகொண்டிருந்தேன். எனவே சற்று உரிமையோடு சொல்கிறேன்: அந்த 24ஐ அடித்துவிடுங்கள்.

புத்தகத்தை எண்ணிப் படிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் நான்கு அட்டையோடு வந்து குவித்து எடுத்துப்போவார்கள். மார்ச்சில் தாமதக் கட்டணம் கட்ட வருவார்கள். ஏப்ரலில் வரமாட்டார்கள். பத்து வருடம் விடாமல் வந்தவர்கள் வேறு மாதிரி. ஒரு டீக்கடைக்காரர் தினமும் மதியம் கடை ஓய்ந்த பிறகு வந்து அரை மணி நேரம் உட்கார்வார். என்ன படித்தார், எவ்வளவு படித்தார் என்ற கணக்கே அவரிடம் இல்லை. நேரம்தான் கணக்கு.

ஒன்பதரை மணி உங்களுக்கு ஆகாது. உங்கள் நாளில் கை ஓய்ந்து கண் விழித்திருக்கும் நேரம் எது என்று பாருங்கள். நாவலில் தொடங்காமல் சிறுகதையில் தொடங்குங்கள். ஒரே அமர்வில் முடியும். நூலகரிடம் பெரிய எழுத்தில் அச்சான புத்தகம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. இன்னொன்று: 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது ரூபாய்க்கு 10 பைசா. யார் வீட்டுப் புத்தகத்தையோ இரவல் வாங்குவதுபோல் கூச வேண்டாம்.

பத்தாம் வகுப்பை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அது வேறு வேலை. எட்டாவது தேறியதற்கான சான்றோ ஒன்பதாவது மாற்றுச் சான்றிதழோ இருந்தால் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம். அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவியலுக்குச் செய்முறை உண்டு. அதற்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் பலர். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். ஒரு பாடத்தில் போனாலும் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

பொழைக்கப்போன_பேட்டைக்காரன்:

மதினி, நான் பேட்டைக்காரன், இப்போ கண்ணூர்ல ஹோட்டல் வச்சிருக்கேன். இங்க நம்ம ஊரு மாதிரி வீட்டுல இல்ல, கம்பெனியில வரிசையா உக்காந்து பீடி சுத்துவாங்க. 1969ல தொழிலாளிகளே சேந்து ஆரம்பிச்ச தினேஷ் பீடி சங்கம் இங்க பெரிய பேரு. பழைய ஆளுக டீ குடிக்க வரும்போது ஒரு சேதி சொல்லுவாங்க. எல்லாரும் சுத்திக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் நடுவுல உக்காந்து பேப்பர் வாசிப்பாராம். பேப்பர் முடிஞ்சா நாவல். அவரு அன்னைக்குச் சுத்தாத பீடிய மத்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் சுத்தி அவரு கணக்குல போட்ருவாங்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் உலகச் சேதி தெரிஞ்சது அப்படித்தான்னு சொல்லுவாரு ஒரு பெரியவர்.

நீங்க தனியா ஏன் ராத்திரி மல்லுக்கட்டுதீங்க? உங்க தெருவுலயும் நாலு பேரு ஒண்ணா உக்காந்துதானே சுத்துவீங்க?

முக்கூடல்காரி:

ஆனித் தேரும் முடிஞ்சிட்டு, இப்பத்தான் சொல்ல நேரம் கெடச்சிது.

கண்ணாடி போட்டாச்சு. வலது +1.50, இடது +1.75. அண்ணாச்சி சொன்ன மாதிரி ரெண்டும் வேற வேற. மாட்டிக்கிட்டு மொதல்ல புத்தகத்தப் பாக்கல, என் கையத்தான் பாத்தேன். கட்டவெரல் நெகத்தோரம் தூளு ஏறி கறுத்துப் போயிருக்கு, ரேகைல வெட்டு வெட்டா இருக்கு. இவ்வளவு நாளு இத எப்படிப் பாக்காம இருந்தேன்னு இருந்திச்சு. பொறவு மக மூஞ்சியப் பாத்தேன், அவளுக்கும் கண்ணுக்கீழ கருப்பு விழுந்திருக்கு. சரி, அத விடுங்க.

கண்ணூர் தம்பி சொன்னத எங்க திண்ணையில சொன்னேன். நாங்க அஞ்சு பேரு: நான், ரெண்டு மதினிமாரு, பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஒரு பெரியம்மை. சின்னப் புள்ளையில திருநெல்வேலி வானொலியப் போட்டுக்கிட்டு சுத்துவோம். இப்போ ஆளுக்கொரு போனு, ஆளுக்கொரு சத்தம், ஒரே அவயம். பெரிய மதினி, "நீ வாசிடி, பாப்போம்"னா. அர மணி நேரத்துல நான் ஒரு 60 பீடி சுத்துவேன். நாலு பேரும் ஆளுக்குப் 15 சுத்தித் தாரோம்னாவ.

ரெண்டு நாளு ஜோராப் போச்சு. மூணாம் நாளு, சுத்துன பீடியக் கொடுக்குத கடையில கட்டப் பிரிச்சுப் பாத்தவரு, "இது உன் கை இல்லையே"ன்னுட்டாரு. ஒவ்வொருத்திக்கும் வாய் மடக்குதது ஒரு மாதிரி இருக்கும், நூலு இழுக்குதது ஒரு மாதிரி இருக்கும். பெரியம்மை பீடி கழுத்துல ஒடுங்கி இருக்கும், தங்கச்சி பீடி தொளதொளன்னு இருக்கும். என் கட்டுல கலந்து போனதால 70 பீடிய கழிச்சுப் போட்டுட்டாரு. இலைக்கும் தூளுக்கும் என் கூலியிலதான் பிடிச்சாங்க. வீட்டுக்கு வந்து இனிமே வாசிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொளவ எடுத்தேன்.

பெரியம்மைதான் வழி சொன்னா. அவளுக்கு எழுத்து தெரியாது, கைநாட்டு. "பீடியத் தந்தாத்தான கண்டுபிடிப்பான்? இலைய வெட்டித் தாரோம். வெட்டுன இலையில எவ பேரு எழுதியிருக்கு?"ன்னா. தகட வச்சு வெட்டுனா இலை எல்லாம் ஒண்ணுதானே. இப்போ மத்தியானம் ரெண்டரையிலருந்து மூணு வரைக்கும் நான் வாசிக்கேன். ராத்திரி நான் வெட்ட வேண்டிய இலைய அவுக ஆளுக்கு ஒரு பிடி வெட்டி ஈரத்துணியில சுத்தி என் பக்கத்துல வச்சிருதாவ. என் கணக்கு குறையல. மிச்சமாகுத நேரத்துலதான் பத்தாவது கணக்குப் பாடம் போடுதேன். மகதான் வாத்தியாரு. அவ ஏசுத ஏச்சுக்கு அந்தக் காலத்து டீச்சரே தேவலாம். ஐயா சொன்னபடி செய்முறைக்குப் பேரு பதிய எப்போ போவணும்னு சேவை மையத்துல கேட்டு வச்சாச்சு.

டைரில 24ஐ அடிச்சிட்டேன் ஐயா. ஆனா ஒண்ணு சொல்லணும், திண்ணையில வாசிச்சா ஒரு சிறுகதை ஒரு நாளுல முடியாது. வரிக்கு வரி நிப்பாட்டுதாவ. மாமியா மருமவளுக்குச் சோறு வைக்காத ஒரு எடத்துல சின்ன மதினி, "அவ செஞ்சது சரிதான்"னு சொல்லப் போக, அன்னைக்கு வாசிப்பே நடக்கல. பெரியம்மை ஒருத்திதான் பேசாமக் கேப்பா. மறுநாளு நேத்து எங்க விட்டேன்னு நான் பக்கத்தத் தேடுவேன், அவ கடைசி வரிய அப்படியே சொல்லுவா.

சும்மா இருக்க தம்பி, நீயும் ஒரு நாளு வா. இலை வெட்ட ஆளு வேணும்.

இப்போ ஒரு சந்தேகம். திங்கக்கிழமை புத்தகத்தத் திருப்பிக் கொடுக்கணும். அடுத்து எடுக்கதுக்குப் பெரிய எழுத்துல, நம்ம பக்கத்துப் பேச்சுல உள்ளதா எதாவது சொல்லுங்க. பிள்ளை சாவுத கதை மட்டும் வேண்டாம். போன வாரம் அப்படி ஒண்ணு வாசிச்சதுல தங்கச்சி அழுதுக்கிட்டே சுத்தி, அவளுக்கு ஒரு கட்டு பூரா கழிவாப் போயிட்டு.