கடவுளின்ர அழைப்பா, என்ர ஆசையா? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் வெள்ளவத்தை. புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில ஒன்பது வருசமாக் கணக்கு எழுதுறன். ஞாயிறு பாடசாலையில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். அந்த ஒரு மணித்தியாலம்தான் கிழமை முழுக்க என்னை இழுத்துக்கொண்டு போகுது.

போன மாசம் சபையில ஒரு மூத்தவர், "கடையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வாரும், இல்லாட்டி கடவுள் கூப்பிட்டும் ஓடி ஒளிச்ச யோனா மாதிரித்தான்" எண்டு சொல்லிப்போட்டார். அண்டைக்கு நித்திரையே இல்லை. மேசைக்கு மேல வருசப்பிறப்புக்குக் கிடைச்ச வாக்குத்தத்த அட்டை, எரேமியா 29:11: கடவுள் எங்கள் மேல வைச்சிருக்கிற நினைவுகள் தீமைக்கில்லை, சமாதானத்துக்குத்தான் எண்ட வசனம். வேதத்தை எடுத்து மேல வாசிச்சால், அது பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டுபோன யூதச் சனத்துக்கு எழுதின கடிதம். 70 வருசம் அங்கதான், வீடு கட்டுங்கோ, தோட்டம் போடுங்கோ எண்டெல்லோ இருக்குது! அப்போஸ்தலர் பவுலும் கொரிந்துவில ஆக்கில்லாவோட கூடாரம் செய்துகொண்டுதானே பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 18:3).

அப்ப கணக்குப் புத்தகமும் அழைப்பாக இருக்கலாமோ? இல்லாட்டி சம்பளத்தை விடப் பயந்து நான் வசனம் தேடுறனோ? அம்மாவின்ர மருந்துச் செலவும் என்ர தலையிலதான்.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில தமிழில படிச்ச ஆக்கள் இருந்தால், எப்பிடி முடிவெடுத்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. வேலையோட பகுதிநேரமாப் படிச்சவையும் சொல்லுங்கோ. "ஜெபியுங்கோ" எண்டு மட்டும் போடாதேங்கோ, அது நடக்குது.