கஞ்சாவுக்குத் தடை வந்தது 1985இல்தானா?

கேள்வி (சேலத்துக்காரன்):
என் தாத்தா சிறுவனாக இருந்தபோது சேலம் கடைத்தெருவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்று இருந்ததாகவும், உள்ளங்கை அகலத் தாளில் மடித்து விற்பார்கள் என்றும் சொல்லுவார். அரசே வரி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பொருள், கையில் வைத்திருந்தாலே சிறை என்ற நிலைக்கு எப்போது வந்தது? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் (NDPS) தொடக்கம் என்று பலரும் எழுதுகிறார்கள்.

பதில் (ஏட்டுச்சுவடி):
உங்கள் ஊரைப் பொறுத்தவரை அது சரியல்ல. இராஜாஜி அரசின் மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். கள்ளும் சாராயமும் மட்டுமே நம் நினைவில் நிற்கின்றன என்றாலும், அச்சட்டம் போதை மருந்துகளையும் சேர்த்தே தடுத்தது. அதற்கு முன் 1893–94இல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த பிறகு, அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, தடுப்பதைவிட உரிமமும் வரியும் போதும் என்று அறிக்கை தந்தது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையோ, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் தீரும் தறுவாயில்தான் 1985இன் சட்டம் வந்தது. அதிலும் பூ, காய்ப்பகுதியே கஞ்சா. தனியாக இருக்கும் இலை கஞ்சா ஆகாது. வட மாநிலங்களில், இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்கும் உரிமம் பெற்ற கடைகள் இன்றும் நடப்பது இதனால்தான்.

பதில் (கறுப்பு அங்கி):
வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 1985இன் சட்டத்துக்கு 2001இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எல்லாமே எடைக்கணக்குதான். கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. சரியாக 20 கிலோ என்றால் இடைப்பட்டது. வணிக அளவென்றால் குறைந்தது பத்து ஆண்டு, பிணையோ மிகக் கடினம். மூட்டையைப் பிரித்தால் தண்டும் இலையும் பூவும் பின்னிக் கிடக்கும். மகஜரில் (கைப்பற்றியதைப் போலீஸ் எழுதும் பதிவில்) பெரும்பாலும் மொத்த எடை மட்டுமே ஏறும். தண்டையும் இலையையும் கழித்தால் 20 கிலோவுக்குக் கீழே வருமா என்பதே பல வழக்குகளில் முழு வாதமும் ஆகிவிடுகிறது. நான் பார்த்தவரை, கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் கூலிக்கு மூட்டை சுமந்தவரே. முதல் போட்டவரின் முகத்தை அவர் கண்டதுகூட இருக்காது.

பதில் (நடுநிசி):
கஞ்சாவைத் தடுத்ததால்தான் பிரவுன் சுகர் (ஹெராயினின் மலிவான வடிவம்) பரவியது என்ற வாதத்தையும் இங்கே யாராவது எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே மறுக்கிறேன். ஆப்கன் போர் தொடங்கிய பிறகு ஹெராயின் 1985க்கு முன்பே இந்திய நகரங்களுக்குள் வந்துவிட்டது. தடை அதன் வழியைச் சற்று எளிதாக்கியிருக்கலாம். மடியில் மறைத்துக் கொண்டுபோகக்கூடிய சரக்குக்கும் கோணிமூட்டைக்கும் ஒரே போலீஸ் பயம் என்றால், கடத்துபவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது ஊகிக்கக்கூடியதே. ஆனால் ஒரே காரணமாக அதைச் சொல்வது வரலாற்றைச் சுருக்குவதாகும்.

பதில் (சேலத்துக்காரன்):
நன்றி. அடிமையானவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டா?

பதில் (கறுப்பு அங்கி):
உண்டு, 1985இன் சட்டத்தின் 64ஏ பிரிவு. பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வழக்குக்கும் பொருந்தும். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் பாதிப்பேருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.