பெர்மாங்கனேட் கிராஃப் மேலே போனதும் வளைகிறது, ஏன்?

பர்ப்பிள்_விரல்:
பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம். போன வாரம் பீர்-லாம்பர்ட் விதி (கரைசலின் செறிவு கூடும் அதே விகிதத்தில் அப்சார்பன்ஸும் கூடும் என்பது) பிராக்டிகல். 0.002 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் இருந்து 5, 10, 15, 20, 40, 60 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, ஒவ்வொன்றையும் 100 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்கில் டைல்யூட் செய்தேன். 525 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் (உள்ளே போன ஒளியை வெளியே வந்த ஒளியால் வகுத்து லாக் எடுத்தது) வரிசையாக 0.25, 0.48, 0.70, 0.92, 1.73, 2.18. செறிவுக்கு எதிராக கிராஃப் போட்டால், எக்செல் இழுத்த கோடு ஒரிஜின் வழியாகப் போகாமல் அப்சார்பன்ஸ் அச்சை 0.15-இல் வெட்டுகிறது. ஆனால் ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.984 வந்ததால் நல்ல கோடுதான் என்று நம்பி, மேடம் செறிவு சொல்லாமல் கொடுத்த அன்னோன் கரைசலுக்கு (ரீடிங் 0.35) 0.000111 மோலார் என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "இருபது பெர்சென்டுக்கு மேல குறையுது, டைல்யூஷன்ல சொதப்பியிருக்க" என்று ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மார்க் வரை கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினேன், விரலில் பழுப்புக் கறை இன்னும் போகவில்லை.

செறிவு மூன்று மடங்கானால் அப்சார்பன்ஸும் மூன்று மடங்காக வேண்டும்தானே? 20 மி.லி.க்கு 0.92 என்றால் 60 மி.லி.க்கு 2.76 வர வேண்டும். அது ஏன் வரவில்லை? அப்புறம், இதில் லாக் எதற்கு வருகிறது என்றும் யாராவது சொல்லுங்கள், பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி.

லேப்_பழசு:
தம்பி (தங்கச்சியாக இருந்தால் மன்னிக்கவும்), டைல்யூஷன் மேல் பழி போட வேண்டாம். முதல் நான்கு ரீடிங்கையும் பாருங்கள், 0.23, 0.22, 0.22 என்று ஒரே சீராக ஏறுகிறது. சொதப்பியவர்களுக்கு இப்படி வராது.

லாக்கில் இருந்தே ஆரம்பிக்கலாம். கரைசலை மெல்லிய அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு 100-இல் பாதியை உறிஞ்சினால் மிச்சம் 50. அடுத்த அடுக்கு அந்த 50-ஐயும் மொத்தமாக உறிஞ்சாது, அதில் பாதியைத்தான் உறிஞ்சும், 25 மிஞ்சும். வெளியே வரும் ஒளி இப்படிப் பெருக்கலில் குறைகிறது, லாக் எடுத்தால் கூட்டலாக மாறி நேர்க்கோடு கிடைக்கிறது. (இந்த அடுக்கு விஷயத்தை 1729-இலேயே சொன்னவர் பூகேர். லாம்பர்ட் 1760-இல்தான் வருகிறார், பீர் 1852-இல். பூகேர் பெயரைப் பாதிப் புத்தகங்களில் காணோம், பாவம்.)

ஆக அப்சார்பன்ஸ் 1 என்றால் 1000 பங்கு ஒளியில் 100 வெளியே வருகிறது, 2 என்றால் 10. உங்கள் 60 மி.லி. கரைசலுக்கு வர வேண்டிய 2.76-இல் 2 பங்குகூட வராது. ஆனால் கருவிக்குள் கரைசலில் உறிஞ்சப்படாமல் டிடெக்டருக்குப் போய்ச் சேரும் வேற்று அலைநீள ஒளி, ஸ்ட்ரே லைட் என்பார்கள், கொஞ்சம் எப்போதும் இருக்கும். அது ஒரு 5 பங்கு என்று வையுங்கள். டிடெக்டர் பாவம், 7 வந்தது என்று எண்ணிக்கொண்டு 2.2-க்குப் பக்கத்தில் காட்டும். உங்கள் 2.18 அதுதான் என்று நினைக்கிறேன். பழைய கருவியா?

குவெட்_கழுவி:
அண்ணா சொன்னது சரி, ஆனால் அன்னோனைக் கெடுத்தது எக்செல் கோடு. மேலே இருக்கும் இரண்டு புள்ளியும் கோட்டைக் கீழே சாய்த்துவிட்டன, சாய்ந்த கோடு இந்தப் பக்கம் 0.15-க்குத் தூக்கிக்கொண்டது. கடைசி இரண்டையும் விட்டுவிட்டு முதல் நான்குக்கு மட்டும் கோடு போடு. ஆர் ஸ்கொயரைப் பார்த்து ஏமாறாதே, வளைந்த கோட்டுக்கும் 0.98 சுலபமாக வரும்.

இன்னொன்று, பிளாங்கும் (கருவியைப் பூஜ்ஜியமாக்க வைக்கும் வெறும் தண்ணீர்) சாம்பிளும் ஒரே குவெட்டில்தானே (கரைசல் ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சின்னக் குடுவை) எடுத்தாய்? வழவழப்பான பக்கத்தில் விரல் பட்டாலே 0.02 ஏறும், சொரசொரப்பான பக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

நெல்லை_நைட்ரேட்:
சொதப்பல் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். முதல் வருடத்தில் "10 மி.லி.யை 100 ஆக்கு" என்றார்கள், நான் 10 மி.லி.யோடு 100 மி.லி. தண்ணீரைச் சேர்த்து 110 ஆக்கிவிட்டு, அதே கரைசலை வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.
பெர்மாங்கனேட் அடர்த்தியான நிறம், கீழ் மெனிஸ்கஸ் (திரவ மேற்பரப்பு வளைவின் அடிப்பக்கம்) தெரியாது. பியூரெட்டிலும் பிப்பெட்டிலும் மேல் விளிம்பை வைத்துத்தான் ரீடிங் எடுக்க வேண்டும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

பர்ப்பிள்_விரல்:
நான்கு புள்ளிக்கு மட்டும் போட்டேன். சாய்வு 2230, வெட்டும் இடம் 0.03. அன்னோன் 0.000143 வருகிறது. மேடமிடம் காட்டினேன், அவர் கலக்கியது 0.00014 தானாம்! குவெட் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன் அக்கா, பிளாங்குக்கு வேறு குவெட். கருவி பழசுதான் அண்ணா, மூடி சரியாக மூடாது, மேலே ஒரு கறுப்புத் துணி போட்டுத்தான் ரீடிங் எடுப்போம்.

லேப்_பழசு:
அந்தத் துணியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மூடி வழியாக வெளி வெளிச்சமும் டிடெக்டருக்குப் போயிருக்கும்.