பின்னங்கால் இழுக்கும் குதிரை: எந்த ஒட்டுண்ணி?

கேள்வி (காங்கேயம் பக்கம்):
ஆடியில் அந்தியூர் சந்தையில் பிடித்த ஆறு வயது ஆண் குதிரைங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் பின்னங்கால் வலுவில்லை. நேராக நடந்தால் தெரியாது. திருப்பினால் இடுப்பு சாய்ந்து, இடது குளம்பு நுனி மண்ணில் கோடு போடுகிறது. லாடத்தின் முன்விளிம்பு தேய்ந்தே போச்சு. காய்ச்சல் இல்லை, கொள்ளு நன்றாகத் தின்கிறான். இணையத்தில் ஈ.பி.எம். (குதிரையின் மூளை, தண்டுவடத்தைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. அதுதானா?

பதில் 1:
அதை விடுங்க தம்பி. அந்தக் கிருமி ஒபாசம் என்ற பிராணியின் கழிவு மூலம் பரவுவது, அமெரிக்கக் கண்டங்களில்தான் உண்டு. கட்டுத்தரையில் மாடு இருக்குதா?

கேட்டவர்:
நாலு மாடு, ஓர் எருமைங்கண்ணா. பத்தடி தள்ளி. பின்னாடியே சாக்கடை, கொசு சொல்லி மாளாது.

பதில் 1:
அப்போ கும்ரி என்கிற இடுப்புத் தளர்ச்சி நோயாக இருக்கலாம். செட்டேரியா டிஜிடேட்டா என்ற புழு மாட்டு வயிற்றறையில், குடலுக்கு வெளியே கிடக்கும். மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கொசு அதன் இளம்புழுவைக் குதிரைக்கு ஏற்றினால் வழிதவறித் தண்டுவடத்தைக் குடைந்துவிடும். எங்கள் குதிரைக்குக் கண்ணில் போனது. டார்ச் அடித்தால் வெள்ளை நூல் நெளிகிற மாதிரி தெரிந்தது. அறுவை செய்துதான் எடுத்தாங்க.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
கும்ரி என்று முடிவு கட்டும் முன் சர்ராவைப் பாருங்க. கடிக்கிற ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமா எவான்சி என்ற ரத்த ஒட்டுண்ணியால் வரும் அந்த நோயும் இடுப்பை வாங்கும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், காலையும் மாலையும் வெப்பமானி வையுங்க. ரத்தப் பூச்சில் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) ஒருமுறை சிக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. கும்ரிக்கு ஐவர்மெக்டின், டைஎத்தில்கார்பமசின் (யானைக்கால் மாத்திரைதான்), நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு தருவோம். சர்ரா ஒளிந்திருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் ஒட்டுண்ணி பெருகிவிடும், அதனால் மருந்துக்கடையில் வாங்கி நீங்களாக ஊசி போடாதீங்க. தண்ணீர் விழுங்கத் திணறினால் வாயில் கை விடாதீங்க, வெறிநோயும் இப்படி ஆரம்பிக்கும். நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கூட்டிப் போவது நல்லது. நாள் தள்ளினால் புழு செத்தாலும் அறுந்த நரம்பு திரும்பாது.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
ரத்தத்தில் இரண்டு முறையும் ஒன்றும் இல்லை, கும்ரி மருந்துதான் ஓடுதுங்க. லாயத்துக்குக் கொசுவலை கட்டி, மாட்டைத் தோட்டத்துச் சாளைக்கு மாற்றிவிட்டேன். நேற்று வலப்பக்கம் சுத்தமாகத் திரும்பினான். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் மண்ணில் அந்தக் கோடு இன்னும் விழுகிறது, முன்னைவிடச் சின்னதாக.