செல்: கட்டமா, கலமா, பாத்தியா?

அன்புடையீர்,

'செல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறைகளிலும் ஒரே தமிழ்ச்சொல்லை ஆள வேண்டும் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. இலத்தீனில் சிற்றறையைக் குறித்த அச்சொல் துறவியர் அறைக்கும் சிறை அறைக்கும் பெயராகி, 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு அதன் நுண்ணறைகளுக்கு அப்பெயரை இட்டபின் உயிரியலுக்குள் புகுந்தது. ஆங்கிலம் நடந்த அதே தடத்தில் தமிழும் நடக்க வேண்டியதில்லை. சிறைக்குக் கொட்டடியும் விரிதாளுக்குக் கட்டமும் போதும். உயிரியலில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செல் என்றும் இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றும் எழுதுகின்றன. கலச்சுவர், கலப்பிரிவு எனத் தடையின்றிக் கிளைப்பதால் கலமே என் தெரிவு. மின்கலத்தில் 'மின்' எப்போதும் உடன் நிற்பதால் குழப்பம் நேராது.

இடர்ப்பாடு கைபேசி வலையமைப்பில்தான் இருக்கிறது. நிலப்பரப்பை அறுகோணப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் பயன்படும் அலைவரிசையை அதனை ஒட்டியிராத வேறொரு பகுதியில் மீண்டும் பயன்படுத்தலாம் என்னும் திட்டம் 1947இல் பெல் ஆய்வகத்தில் உருவானது. அப்பகுதியே செல். ஒலியும் பொருளும் இயைய, செல்லும் இடமெல்லாம் பேசும் கருவிக்குச் செல்லிடப்பேசி என்று அருமையாகப் பெயரிட்டோம். ஆங்கிலத்தில் அக்கருவிக்குப் பெயர் தந்த நிலப்பகுதியையோ பெயரில்லாமல் விட்டுவிட்டோம். கோபுரம் என்பது பொருந்தாது, ஏனெனில் மூன்று திசை நோக்கிய ஆன்டெனாக்கள் கொண்ட ஒரே கோபுரம் பெரும்பாலும் மூன்று செல்களை உண்டாக்குகிறது. வட்டம் என்றால் உரிமப் பகுதியாகிய தொலைத்தொடர்பு வட்டத்தோடு மோதும்.

ஆகவே 'அலைப்பாத்தி' என்பதை முன்வைக்கிறேன். ஒரே தோட்டத்தை அடுத்தடுத்த பாத்திகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியே நீர் விடுவதைப் போல, ஒரே ஊரைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனியே அலைவரிசை ஒதுக்குவதே அத்திட்டத்தின் அடிப்படை. பாத்திக்கு வரப்பு உண்டு, அலைக்கு இல்லை என்று மறுக்கலாம். அண்டைப் பகுதிகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருந்தால்தான் பயணத்தில் அழைப்பு அறாது என்பதும் உண்மையே. ஆயினும் பிரிவு, அடுத்தமைவு, தனி ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் அறையோ கலமோ இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. நெரிசலான கடைத்தெருவில் நிறுவும் சிறு செல்லைக் குறும்பாத்தி என்றும், அழைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைப் பாத்திமாற்றம் என்றும் சொல்லலாம். 'ஓடும் பேருந்தில் பேசுகையில் பாத்திமாற்றம் நிகழ்கிறது' என்னும் தொடர் பாடநூலில் இயல்பாக நிற்குமா என்பதைத் துறை ஆசிரியர்கள் சோதித்துச் சொல்ல வேண்டுகிறேன்.