பார்ஸ்லிச் சாறு, சிறுநீரகக் கல், வார்ஃபரின்: ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

தண்ணீர்மலை மகள் (பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 68. இதயத் துடிப்பு சீரற்றுப் போனதால் மூன்று ஆண்டுகளாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற மாதம் எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருப்பது தெரிய வந்தது. அந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: கொத்தமல்லியைப் போன்ற பார்ஸ்லித் தழையை ஒரு கட்டு எடுத்துக் கொதிக்க வைத்துக் குடித்தால் கல் கரைந்து சிறுநீரகம் சுத்தமாகிவிடுமாம். முதலில் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடித்தவர், கொதித்தால் சத்து போய்விடும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு, பச்சையாகவே எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துக் குடிக்கத் தொடங்கினார். இப்போது ஐஸ்பெட்டியைத் திறந்தால் கரும்பச்சைச் சாறு நிறைந்த கண்ணாடிக் குடுவைதான் முதலில் கண்ணில் படுகிறது.

நேற்று இரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு; குறைந்தால் இரத்தம் எளிதில் உறையும்) 1.6 என்று வந்தது. அதற்கு முந்தைய அளவு 2.5. உணவில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கிளினிக்கில் கேட்டதற்கு அம்மா "இல்லை" என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது உணவும் அன்று, மருந்தும் அன்று, வெறும் தழை. பார்ஸ்லியின் மருத்துவக் குணங்களைப் பற்றி மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் உண்டா? அதை அம்மா தொடரலாமா?

மருந்தாளர் (கோலாலம்பூர்):

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளையே கிளினிக்கை அழைத்து இந்தச் சாற்றைப் பற்றிச் சொல்லுங்கள். 100 கிராம் பச்சைப் பார்ஸ்லியில் ஏறக்குறைய 1640 மைக்ரோகிராம் வைட்டமின் கே உள்ளது. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குப் போதுமானதாகக் கருதப்படும் அளவோ 90 மைக்ரோகிராம்தான். இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே உடலில் மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுப்பதே வார்ஃபரினின் வேலை என்பதால், அந்த வைட்டமினையே குவளை குவளையாக உள்ளே அனுப்பினால் மாத்திரையின் வலு குறைந்துவிடும். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, நீரில் கரையாது. ஆகவே வடிகட்டிய கஷாயத்தில் இறங்குவது சிறிதளவே. தழையை அரைத்து அப்படியே குடிக்கும்போது முழுவதும் உள்ளே போகிறது.

ஒரு எச்சரிக்கை. அம்மா சாறு குடிப்பது தெரியாமல் கிளினிக்கில் மாத்திரையின் அளவைக் கூட்டி, அதன் பிறகு அவர் சாற்றை நிறுத்தினால், ஐ.என்.ஆர். மேலே ஏறி இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. சாற்றை நிறுத்துவதும் மாத்திரையின் அளவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முடிவாக வேண்டும்.

இனி ஆய்வுகள். 2002-இல் பெய்ரூட்டில் எலிகளுக்குப் பார்ஸ்லி விதைச் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீர் அதிகமாகப் பிரிந்தது. சிறுநீரகச் செல்களில் உப்புகளைக் கடத்தும் சோடியம்-பொட்டாசியம் பம்பை அச்சாறு தடுப்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். ஆனால் அது விதை, சோதனைக்கு உட்பட்டவை எலிகள். 2011-இல் சவூதி அரேபியாவில் வெளிவந்த ஆய்வில் ஆரோக்கியமான 20 பேருக்குப் பார்ஸ்லி இலைத் தேநீர் கொடுத்தார்கள். சிறுநீரின் அளவிலோ, கல் உருவாவதோடு தொடர்புடைய சிட்ரிக் அமிலம் போன்றவற்றிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் ஆய்வு இதுதான். இதை வைத்துக்கொண்டு பார்ஸ்லி கல்லைக் கரைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பார்ஸ்லியில் மிகுதியாக உள்ள அபிஜெனின் என்னும் பொருளைப் பற்றி ஆய்வகச் செல்களில் ஏராளமான வேலை நடந்திருக்கிறது. சோதனைத் தட்டில் நடப்பதெல்லாம் உடலில் நடந்துவிடாது.

பார்ஸ்லியிலும் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள் என்பதால், கட்டுக் கட்டாக அரைத்துக் குடிப்பது எதிர்மாறாகவும் முடியலாம். கல் மீண்டும் வராமல் தடுக்க, நாளொன்றுக்குக் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே உறுதியான வழி. நம் ஊர் வெயிலில் வியர்வையாகவே நிறைய வெளியேறிவிடுவதால், தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அம்மாவின் இதயத்துக்கு எவ்வளவு நீர் ஏற்றது என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம் (பத்துமலை):

மருந்தாளர் ஐயா சொன்னதோடு ஒரு சந்தேகம். அம்மா வாங்குவது பார்ஸ்லிதானா? பசாரில் 'டவுன் சுப்' என்று கட்டி விற்பது செலரி இனம். பார்ஸ்லி, கொத்தமல்லி, செலரி மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் பலரும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வாங்குகிறார்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் கொத்தமல்லி உடனே காட்டிக் கொடுத்துவிடும். தட்டை இலைப் பார்ஸ்லிக்குப் பசும்புல்லைப் போன்ற இலேசான மணம்தான் இருக்கும்.

உணவாக அது அருமையான கீரை. புக்கிட் பிந்தாங் அரபு உணவகங்களில் கிடைக்கும் தபூலே என்னும் பச்சைக் கீரைக் கலவையில் பார்ஸ்லிதான் முதன்மை, கோதுமை நொய் பெயருக்குத்தான். வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும் என்பதால் நான் சூப்பை இறக்கிய பிறகே நறுக்கித் தூவுவேன். விதையை ஓர் இரவு ஊற வைத்து ஊன்றினாலும் முளைக்க மூன்று வாரம் ஆகும். பிற்பகல் நிழல் இல்லாவிட்டால் செடி வாடிப்போகும்.

செந்தூல் வாசகி:

கர்ப்பிணிகள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி. பார்ஸ்லி விதை எண்ணெயில் உள்ள அபியோல் முற்காலத்தில் கருவைக் கலைக்கவே பயன்பட்டது; தூவிச் சாப்பிடும் நாலு இலை வேறு, சாறும் எண்ணெயும் வேறு.

தண்ணீர்மலை மகள் (பினாங்கு):

மூவருக்கும் நன்றி. இன்று காலை கிளினிக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். சாற்றை நிறுத்தச் சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றாமல், ஒரு வாரத்தில் மீண்டும் இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். "தழைதானே என்று நினைத்தேன்" என்று அம்மா அங்கே மெல்லச் சொன்னபோது, கிளினிக்கின் தாதி கடிந்துகொள்ளாமல் வார்ஃபரின் புத்தகத்தின் ஓரத்தில் 'பார்ஸ்லி' என்று எழுதிக் கோடிட்டுக் கொடுத்தார். குடுவையைக் கழுவி, இப்போது அதில் வெறும் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.