பூட்டான்காரங்க ஏன் நேபாளி பேசறாங்க?

கொலம்பஸ்வாசி:
ஒஹையோ வந்து எட்டு மாசம் ஆகுது. வீட்டு பக்கத்துல ஒரு மளிகை கடை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்குது, நேபாளில பேசிக்கறாங்க, கேட்டா நாங்க பூட்டான்ங்கறாங்க. கடை பெரியவர் 18 வருஷம் முகாம்ல இருந்தோம்னார், அதுக்கு மேல கிளற சங்கடமா இருந்துச்சு. பூட்டான்னா சந்தோஷமான நாடுன்னுதானே சொல்வாங்க?

நாடோடி72:
அந்த சந்தோஷத்துல இவங்களுக்கு பங்கு குடுக்கல சார். லோட்ஷாம்பான்னு பேரு, நேபாள வம்சாவளி, அதான் நேபாளி பேசறாங்க, தெற்கு பூட்டான்ல தலைமுறையா விவசாயம் பண்ணவங்க. 1985ல பூட்டான் அரசு குடியுரிமை சட்டத்தை இறுக்கிட்டு, 1988 கணக்கெடுப்புல, அப்பவே இங்க இருந்ததுக்கு சாட்சியா 1958ம் வருஷ வரி ரசீது எங்கன்னு கேட்டாங்க. எவன் வச்சிருப்பான்? எங்க வீட்ல போன மாச கரண்ட் பில்லே இல்ல. அப்புறம் எல்லாரும் வடக்கு பூட்டான்காரங்க உடைதான் போடணும், ஸ்கூல்ல நேபாளி கிடையாதுன்னு ஆச்சு, 1990ல போராட்டம், அடிச்சு துரத்திட்டாங்க. நடுவுல இந்தியா இருக்கே, அதை தாண்டி நேபாளத்துல ஜாப்பா, மொராங் பக்கம் 7 முகாம், மூங்கில் குடிசைல லட்சம் பேருக்கு மேல.

மினசோட்டா_மாமி:
நேபாளமும் பூட்டானும் வருஷக்கணக்கா பேசினதுதான் மிச்சம். 2007க்கு அப்புறம் 8 நாடுங்க சேர்ந்து லட்சம் பேருக்கு மேல எடுத்துக்கிட்டாங்க, பெரும்பாலும் அமெரிக்கா. ஃப்ளைட் டிக்கெட் ஓசின்னு நினைக்காதீங்க, கடன், வட்டி இல்லையே தவிர மாசாமாசம் கட்டணும். எனக்கு தெரிஞ்ச ஒரு பாட்டி, ஊர்ல ஏலக்காய் தோட்டம் வச்சிருந்தவங்க, இங்க பஸ் ஏற தெரியாம மூணு மாசம் அபார்ட்மெண்டை விட்டு வெளிய வரல.

முகாம்பையன்:
ஒரு வருஷத்துல உலகத்துல இருக்கற அகதிங்கள்ல நூத்துல ஒருத்தருக்கு கூட இந்த மறுகுடியேற்றம் கிடைக்காது. நான் கும்மிடிப்பூண்டி முகாம்ல பொறந்தவன், அம்மா 90ல இலங்கைலேர்ந்து படகுல வந்தாங்க, எங்களை எடுக்க 8 நாடு என்ன ஒரு நாடும் வரல. பொறாமைதான், ஒத்துக்கறேன்.

நாடோடி72:
தம்பி, ரொம்ப பொறாமைப்படாதீங்க. 2025ல கேஸ் இருக்குன்னு இப்படி குடியேறினவங்கள்ல சிலரை அமெரிக்கா பூட்டானுக்கே அனுப்புச்சு, பூட்டான் இந்திய எல்லைல கொண்டு விட்டுருச்சு, அவங்கள்ல சிலர் எப்படியோ நேபாளம் போய் சேர, அங்க சட்டவிரோதமா நுழைஞ்சீங்கன்னு போலீஸ் பிடிச்சுது.

கொலம்பஸ்வாசி:
அடப்பாவமே. அதான் போன தடவை கடைல எல்லாரும் போனை சுத்தி நின்னுட்டு இருந்தாங்களோ என்னவோ. ஞாயித்துக்கிழமை மோமோ போடறோம் வாங்கன்னிருக்கார், போய்ட்டு வரேன்.